கோடு இல்லாத தையல்

தையல் மெஷினுக்குப் பல் உண்டு. ஊசிக்கு நேர் கீழே, இரும்புத் தகட்டின் பிளவுகள் வழியாக எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு பற்கள். மேலே எழும்பும், துணியைக் கவ்வும், ஒரு தையல் தூரம் தள்ளும், கீழே இறங்கிப் பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நான்கு அசைவுக்கு 1854இல் ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். இன்றும் விவேக் நகர் சந்துகளில் ஜாக்கெட் தைக்கும் மெஷின்கள் அனைத்தும் அதே பல்லால்தான் துணியை நகர்த்துகின்றன. தைப்பவர் துணி கோணாமல் பிடித்துக்கொண்டு மிதித்தால் போதும். எவ்வளவு தூரத்துக்கு ஒரு தையல், எந்தத் திசையில் என்பதையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பல்லுக்கு லீவு கொடுத்துவிட்டால்?

ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணி நகராது. அதை நகர்த்த வேண்டியது நம் இரண்டு கைகள். முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக, எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். எவ்வளவு வேகமாக நகர்த்துகிறோமோ அவ்வளவு நீளத் தையல். பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, காகிதத்தை நகர்த்திப் படம் போடுவதைப் போன்றது இது. மேல் துணி, நடுவில் பஞ்சு, கீழ்த் துணி என்று மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையில் இப்படிப் போடும் தையலுக்கு ஃப்ரீ மோஷன் க்வில்டிங் என்று பெயர். பெயரில் இருக்கும் சுதந்திரம்தான் என்னை இரண்டு வருடம் பயமுறுத்தி வைத்திருந்தது.

என் கதை சிறியது. அம்மா இறந்தபோது பீரோவில் 9 பருத்திச் சேலைகள் இருந்தன. பட்டுச் சேலைகளை உறவுகள் பகிர்ந்துகொண்டன. பருத்தியைக் கேட்க ஆளில்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூர் வந்தவள் அம்மா. ஊருக்குப் போகும்போதெல்லாம் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று வாங்கி வருவாள். துவைத்துத் துவைத்துத் தோல் மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. வங்கியில் 30 வருடம் கவுன்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். கையில் நேரம் இருந்தது. சேலைகளை ஓர் அடிச் சதுரங்களாக வெட்டினேன். 5 பத்தி, 7 வரிசை, மொத்தம் 35 சதுரங்கள். ஒன்றோடொன்று இணைத்தேன். இதெல்லாம் நேர்க்கோட்டு வேலை. பல் இருக்கும் மெஷின் சுலபமாகச் செய்துவிட்டது. பஞ்சு விரிப்பு வாங்கி, அடித்துணி போட்டு, மூன்றையும் ஊக்குகளால் பிணைத்தேன். அங்கே வேலை நின்றது.

போர்வையில் மேலே போடும் தையல் அழகுக்கு மட்டும் இல்லை. அது இல்லையென்றால் நடுவில் இருக்கும் பஞ்சு இரண்டு துவையலில் ஒரு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொள்ளும். மூன்று அடுக்கையும் இடம்விட்டு இடம் தைத்துப் பிடித்தாக வேண்டும். கையால் தைக்கலாம், 61 வயதில் என் விரல் மூட்டுகள் சம்மதிக்கவில்லை. மெஷினில் குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோடு போடலாம். அதுவும் செல்லும். ஆனால் இந்த முழுப் பொட்டலத்தையும் ஒவ்வொரு கோட்டுக்கும் சுருட்டி, திருப்பி, மெஷினின் கைக்கு அடியில் நுழைக்க வேண்டும். வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு சாண்கூட இல்லை. தவிர, அம்மாவின் சேலைகளில் இருந்த கொடியும் பூவும் கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்குள் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

மிச்சமிருந்த வழி பல் இல்லாத தையல். அதை நினைத்தாலே கை வியர்த்தது. கடையில் வாங்கிய துணியென்றால் பாழானாலும் இன்னொரு மீட்டர் வாங்கலாம். இந்தச் சேலைகள் எந்தக் கடையிலும் கிடையாது. பொட்டலத்தை மடித்து பீரோவில் வைத்தேன். பொங்கல் கழியட்டும் என்றேன். வெயில் தணியட்டும் என்றேன். தள்ளிப்போடுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் 30 வருட அரசாங்கப் பழக்கம் கைகொடுத்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை அவ்வளவாகப் பழக்கமில்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை. பழைய சேலையை நான்காக மடித்தால் விரிப்பு, உத்தரத்தில் கட்டினால் தூளி, போர்த்திக்கொண்டால் போர்வை. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூருக்கு டிசம்பர் இரவில் அது போதாது. ஆனால் பழந்துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. வங்கத்தில் காந்தா. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். பீகாரில் சுஜனி. வட கர்நாடகத்தில் கௌதி. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபுரம், ஹளியாள் பக்கம் வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம், தைப்பதற்குப் பெயர் கவந்தி. அதை ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்து வைத்த சின்னத் துணிப் பூக்கள் இருக்கும். அந்தப் பூ இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியும்.

இவை எல்லாமே கைத்தையல். இதுவும் என் தயக்கத்துக்குத் தீனி போட்டது. அம்மாவின் நினைவாகச் செய்கிற ஒன்றைக் கையால் அல்லவா செய்ய வேண்டும், மெஷினில் கடகடவென்று ஓட்டுவது மரியாதையா என்று ஒரு குரல்.

இந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்டதல்ல. க்வில்ட் போர்வைகளை ஒரு கலையாகவே வளர்த்த அமெரிக்காவில் இதே சண்டை பெரிதாக நடந்திருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் க்வில்ட் கண்காட்சியில் 1989இல் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் சூரிய கிரகணப் போர்வைக்கு முதல் பரிசு கிடைத்தது. முழுக்க மெஷினில் தைத்த போர்வை அங்கே அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. கையால் மாதக்கணக்கில் தைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். இன்று அந்தக் கோபம் அடங்கிவிட்டது. பல்லை இறக்கிவிட்டுத் தைக்கும்போது மெஷின் ஊசியை மட்டும்தான் ஓட்டுகிறது, கோடு போடுவது கைதான் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒரே ஒரு விதிவிலக்கை எடுத்துக் காட்டினார். சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்க்கப் பொறுக்காத அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தை உருவாக்கினார். காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர் சின்னாளப்பட்டி. என் பீரோவில் கிடந்த சேலைகள் பிறந்த ஊர். தற்செயல்தான். ஆனாலும் மெஷினைத் தொடலாமா என்ற கேள்வியை அத்தோடு விட்டுவிட்டேன்.

கேள்வி போனது, பயம் போகவில்லை. அதைக் குறைத்தவர்கள் இரண்டு பேர். இருவருமே க்வில்ட் என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவர்கள்.

முதலாமவரை நான் பார்த்தது கமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் ஒரு கிளைச் சந்தில். நூல் வாங்கப் போயிருந்தேன். கடை வாசலை ஒட்டி ஒரு மிதி மெஷின். வயதானவர் ஒருவர் மரவளையத்தில் இழுத்துக் கட்டிய துணியை ஊசிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். துணியில் வரைந்த கோடு எதுவும் இல்லை. இலை வந்தது, காம்பு வந்தது, மயில் கழுத்து வந்தது. மெஷினில் ஃபுட் இல்லை. குனிந்து பார்த்தேன். பல்லும் கண்ணில் படவில்லை.

"பாய், பல்லை என்ன பண்ணுனீங்க?" என்றேன்.

"அது இருந்தா எப்படிம்மா பூ வரும்? அது அதோட இஷ்டத்துக்கு இழுக்கும். எம்பிராய்டரிக்கு அது ஆவாது" என்றார், காலை நிறுத்தாமல்.

எத்தனை வருடமாக இந்தத் தொழில் என்று கேட்டேன். மீசை முளைக்காத வயதில் மாமாவோடு உட்கார்ந்ததாகச் சொன்னார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்த பிறகு வேலை பாதிக்கு மேல் போய்விட்டது, அவசரத்துக்கு வருபவர்களும் ரிப்பேருக்கு வருபவர்களும்தான் மிச்சம் என்றார். நான் வெளிநாட்டு வித்தை என்று பெயரைப் பார்த்தே மிரண்டுபோன ஒன்றை இவர் ஐம்பது வருடமாகச் சோற்றுக்குச் செய்துகொண்டிருக்கிறார். யோசித்தால் இது ஆச்சரியமில்லை. சாதாரண வீட்டு மெஷினில் எந்த விசேஷக் கருவியும் இல்லாமல் எம்பிராய்டரி போடுவது எப்படி என்று சிங்கர் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புத்தகம் போட்டிருக்கிறது. வித்தை பழையது. பெயர்தான் புதிது.

"பயமா இருக்காதா பாய்?" என்று கேட்டேன். அவர் காலை நிறுத்தினார். கேள்வி புரியாதவர் போலப் பார்த்தார். "பீஸ் கணக்கும்மா. பயந்தா யார் காசு தருவா?"

இரண்டாமவர் எங்கள் எதிர்வீட்டுப் பெண். ஓசூர் ரோட்டுப் பக்கம் கார்மென்ட்ஸ் ஃபேக்டரி ஒன்றில் பல வருடம் தையல் லைனில் இருந்தவள். இப்போது வீட்டிலேயே ஜாக்கெட்டும் யூனிஃபார்மும் தைக்கிறாள். வியாழக்கிழமை மட்டும் மெஷினைத் தொடமாட்டாள். அன்று குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டத்தில் எங்கள் தெருவே நடக்க முடியாமல் இருக்கும். அவளும் மாலைப் பூசைக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு வியாழக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியவளைக் கூப்பிட்டு, பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன்.

விரித்துப் பார்த்தாள். என்ன வேண்டும் என்பதைச் சொன்னேன். சதுரம் சதுரமாகத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு மாம்பழ நிறச் சதுரத்தில் நின்றாள்.

"அக்கா, இத யாரு செஞ்சது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். அதன்மேல் அதே நிற நூலால் முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓடிய தையல். பிறகு அதற்குக் குறுக்கே இன்னொரு ஓட்டம். துணியையே மறுபடி நெய்தது போல. வெட்டும்போது நான் இதைக் கவனித்திருக்கவில்லை.

"டார்னிங். அம்மாதான் செஞ்சிருப்பாங்க. வீட்டு மெஷின்லதான் தைப்பாங்க" என்றேன்.

"அப்ப உங்க மெஷின்ல இது வரும். ஃபுட்டுப் போட்டு ஓட்டுனா இப்படி முன்னபின்ன போவாது. பல்ல மறைச்சிட்டுத்தான் ஓட்டியிருக்காங்க. டப்பா எங்க இருக்கு?"

மெஷினின் மர இழுப்பறையில் ஒரு தகர டப்பா உண்டு. பாபின், உடைந்த ஊசி, எண்ணெய்ப் புட்டி, எதற்கென்று தெரியாத இரும்புத் துண்டுகள். அவள் விரலால் துழாவி ஒரு தகட்டை எடுத்தாள். நடுவில் ஓட்டை. சற்று மேடாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். பாண்டி விளையாடக்கூட எடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதில்லை.

"இதுதான் பிளேட்டு. சில மெஷின்ல பல்ல இறக்க திருகாணி இருக்கும். இல்லாததுக்கு இத மேல மாட்டணும். பல்லு உள்ள தனியா ஆடிக்கிட்டிருக்கும், துணிய தொடாது." தகட்டைத் திருப்பிக் காட்டினாள். ஓட்டையைச் சுற்றி ஊசி பட்டுப் பட்டுக் கீறல் விழுந்திருந்தது.

அந்தக் கீறல்களை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தையலைப் போட்டால் அம்மாவின் சேலை பாழாகிவிடும் என்று இரண்டு வருடமாகப் பயந்தேனோ, அந்தத் தையல் சேலையில் ஏற்கெனவே இருந்தது. அம்மாவே போட்டது. அவளுக்கு அதில் சுதந்திரமும் இல்லை, கலையும் இல்லை. சேலை கிழிந்துவிட்டது, அடுத்த சேலை அடுத்த வருடம்தான். பல்லை மூடினாள், தைத்தாள். பாய் சொன்னதும் அதுதான். தயங்குவதற்குக்கூட ஒரு வசதி வேண்டும். பென்ஷன் வாங்குகிற எனக்கு அது இருந்தது.

எதிர்வீட்டுப் பெண் மறுநாள் வந்தாள். முதலில் போர்வையைத் தொடவிடவில்லை. மிச்சத் துணியில் ஓர் அடிக்கு ஓர் அடியாக மூன்றடுக்குத் துண்டுகள் தயார் செய்யச் சொன்னாள். அவள் சொல்லிக்கொடுத்ததையும் நான் கற்றுக்கொண்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இன்னொரு பீரோவில் இன்னொரு பொட்டலம் காத்திருக்கலாம்.

ஃபுட்டைக் கழற்றிவிட்டோம் என்பதால் அதன் நெம்புகோலை இறக்க மறந்துவிடக் கூடாது. அது மேலே இருக்கும் வரை நூலுக்கு டென்ஷன் கிடைக்காது; கீழே பறவைக் கூடு மாதிரி நூல் சிக்கும். வளையத்தில் கட்டிய எம்பிராய்டரித் துணிக்கு ஃபுட் இல்லாமலே வேலை நடக்கும். மூன்றடுக்கு கனத்துக்கு ஸ்பிரிங் வைத்த எம்பிராய்டரி ஃபுட் நல்லது. ஊசி ஏறும்போது அதுவும் ஏறித் துணியை விடும், இறங்கும்போது இறங்கி அமுக்கும். தையல் கடைகளுக்குச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் சல்லிசாகக் கிடைக்கும். ஆரம்பிக்கும் இடத்தில் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடியில் முடிச்சு விழும்.

அடுத்தது வேகம். பயந்தவர்கள் மெதுவாக மிதிப்பார்கள், அதே பயத்தில் கையை வெடுக்கென்று இழுப்பார்கள். தையல் ஒவ்வொன்றும் கால் விரல் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமாக வரும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. கால் சீராக ஓட வேண்டும், கை நிதானமாக நகர வேண்டும். "கால நிறுத்தாதீங்க அக்கா. கைய மட்டும் மெதுவா கொண்டு போங்க" என்பதை அந்த முதல் நாள் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஊசியைப் பார்க்கவும் கூடாது. பைக் ஓட்டுபவர் முன் சக்கரத்தையா பார்க்கிறார்? துணி போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

வழுக்கும் துணியை விரல் பிடிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டு எண்ணும்போது காஷியர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை. வங்கி எனக்குக் கொடுத்தனுப்பிய ஒரே தையல் கருவி.

என்ன உருவம் போடுவது என்ற கேள்விக்கு வீட்டு வாசலிலேயே விடை இருந்தது. இந்தத் தையலின் அடிப்படை, நூலை அறுக்காமல் வளைந்து நெளிந்து இடத்தை நிரப்பிக்கொண்டே போகும் ஒற்றைக் கோடு. புள்ளிகளைச் சுற்றிக் கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலம் வேறென்ன? வட்டம், வளைவு, புள்ளியைத் தாண்டித் திரும்புதல் என்று சில அசைவுகளை வைத்துக்கொண்டு முடிவில்லாமல் போகும் இந்தக் கோடுகளுக்குள் ஒழுங்கான ஓர் இலக்கணம் இருக்கிறது என்று சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். கணினியில் படங்களை விவரிக்கும் விதிகளைத் தேடியவர்களுக்கு நம் வாசல் படித்துக்கொடுத்திருக்கிறது. சின்ன வயதில் மார்கழிக் குளிரில் கோலம் போட்ட கை இது. கைக்குக் கோடு தெரியும். தரை அசையாமல் கை அசைந்தது அப்போது. இப்போது கை நிற்கும் இடத்தில் தரையை நகர்த்த வேண்டும். அந்த ஒரு தலைகீழ் மாற்றத்துக்கு மூளை பழக எனக்குப் பத்து நாள் ஆனது.

தினமும் அரைமணி. அதற்கு மேல் தோள் இறுகிவிடும்; இறுகிய தோள் கோணல் கோடு போடும். முதல் துண்டு, பூனை நூல்கண்டோடு விளையாடியது போல் இருந்தது. நான்காவது துண்டில் இரண்டு வளைவுகள் அக்காள் தங்கை போல் இருந்தன. ஒன்பதாவது துண்டைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

போர்வையை நடுவிலிருந்து தைத்து வெளியே வர வேண்டும். அப்போதுதான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். இரண்டு பக்கமும் சுருட்டி, மெஷினுக்கு இடது பக்கம் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டேன். போர்வையின் கனம் தரையில் தொங்கினால் கை அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மிதி, ஒரு பக்கம் என் இதயம். நடுச் சதுரம் நீலம். முதல் தையல் இறங்கிய பிறகு பயப்பட நேரமில்லை. கை அடுத்த வளைவைத் தேடிக்கொண்டிருந்தது.

35 சதுரங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நடுவில் இருப்பவை நெருக்கமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கின்றன. ஓரத்துக்கு வர வர வளைவுகள் பெரிதாகி, மூச்சு விடுகின்றன. நான் பழகிய கதை போர்வையிலேயே எழுதியிருக்கிறது, நடுவிலிருந்து வெளியே. மாம்பழச் சதுரத்தில் அம்மாவின் டார்னிங்கைச் சுற்றிக்கொண்டு போனேன். அதன்மேல் ஊசி வைக்கவில்லை. கவந்திக்காரர்களிடமிருந்து கடன் வாங்கி நான்கு மூலைகளிலும் துணிப் பூ வைத்தேன்.

இதைத் தெரிந்தவர்களிடம் காட்டும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. என் வயதுப் பெண்கள் பலரிடம் இப்படி ஏதோ ஒன்று பாதியில் நிற்கிறது. அளவெடுத்து, கோடு போட்டு, கோட்டின்மேல் தைப்பதை நமக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். சமையலோ ஆபீஸோ, பல் இழுத்துக்கொண்டு போன திசையில் துணி கோணாமல் பிடித்துக்கொண்டோம். அதில் கெட்டிக்காரிகள் என்று பெயரும் வாங்கினோம். திடீரென்று ஒருநாள் இழுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் கை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. திறமைக் குறைவில்லை அது. பழக்கமின்மை. பழக்கமின்மைக்கு மருந்து தினம் அரைமணி, மிச்சத் துணி.

இதைத் தனியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. தைக்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவில்லையென்றாலும் உங்கள் தெருவிலேயே கார்மென்ட்ஸில் இருந்து வந்த பெண்ணோ, எம்பிராய்டரி பாயோ கட்டாயம் இருப்பார். கேட்டால் சொல்லித் தருவார்கள். கற்றுக்கொடுப்பதற்குக் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும்; அது அவர்கள் தொழில். எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வாங்க மறுத்தபோது, பீஸ் கணக்கு வைத்துக் கொடுத்தேன். பதிலுக்கு இப்போது அவள் மகளின் கட்டில் அளவுக்கு ஒரு போர்வைக்குச் சதுரங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கஸ்டமர்கள் விட்டுப்போன ஜாக்கெட் துண்டுகள். அதற்கு நான் உதவிக்குப் போகிறேன். அவள் கால் நிற்காமல் ஓடுகிறது. என் வேலை ஊக்கு எடுப்பது.

பேத்தி போர்வையை மைசூர் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மூன்று முறை வாஷிங் மெஷினில் போட்டாகிவிட்டது. பஞ்சு நகரவில்லை, தையல் ஒன்றுகூட விடவில்லை. 9 சேலைகளில் 35 சதுரம் போக நிறையத் துணி மிச்சம் இருக்கிறது. இந்த முறை பீரோவுக்குப் போகவில்லை. மெஷின் பக்கத்தில், பிளேட்டு மாட்டியபடி, வெட்டி வைத்திருக்கிறேன்.